பள்ளி நாடகத்தில் டாக்டர் வேடம் வேண்டாம்

ஆண்டு விழா சீசன் தொடங்கியாச்சு. இந்த நேரத்துல எனக்கு வழக்கமா வரும் போன் இது: "சார், பசங்க விழிப்புணர்வு நாடகம் போடுறாங்க. உங்க கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் ஒரு நாளைக்குக் கிடைக்குமா?"

கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த நாடகத்தில் டாக்டரே வரக்கூடாது என்பதுதான் இப்போது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படிங்க. (குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. இரண்டு வருடத்துக்கு முன் அங்கே பாம்புக்கடி பற்றி ஒரு நாடகம். விவசாயியைப் பாம்பு கடிக்குது. மந்திரவாதி வேப்பிலையோடு வந்து ஒரு ஆட்டம் போடுறார், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்குது. கடைசியில் டாக்டர் வர்றார். "கயிறு போட்டுக் கட்டக் கூடாது, பிளேடால் கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்கு வாருங்கள், விஷமுறிவு மருந்து இலவசம்" என்று ரெண்டு நிமிஷம் பேசுறார். எல்லாரும் கைகூப்பி "சரிங்க டாக்டர்" என்கிறார்கள். திரை.

டாக்டராக நடித்தவன் எட்டாம் வகுப்புப் பையன். என் கோட்டு அவனுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. வசனத்தை எழுதிக் கொடுத்தது நான்தான். பரிசு கொடுத்ததும் நானே. ரொம்பப் பெருமையா வீட்டுக்குப் போனேன்.

அதே வருஷம் மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, வயலில் பாம்பு கடித்து ஒரு பெரியவரைக் கொண்டு வந்தாங்க. கெண்டைக்காலுக்கு மேல் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. கடிவாயில் பிளேடு கீறல். கடித்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துப் பார்த்தோம், உறையவில்லை. கண்ணாடி விரியன் கடியில் இப்படித்தான் ஆகும். முதலில் 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றி, மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். அங்கே சிறுநீரகம் பாதித்து சில முறை டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்தது. பிழைத்துவிட்டார்.

கூட வந்திருந்த பேரன் அதே "டாக்டர்" பையன்.

"நான் சொன்னேன் சார், கட்டாதீங்கன்னு. நீ சின்னப் பய, சும்மா இருன்னு அப்பா வெரட்டிட்டாரு. மொதல்ல பூசாரிகிட்டதான் போனோம்."

வசனம் ஒரு வார்த்தை மறக்கவில்லை அவனுக்கு. மேடையில் அதைச் சொன்னதும் எல்லாரும் கைகூப்பினார்கள். வீட்டில் யாரும் கைகூப்பவில்லை. அப்போ என்ன செய்வது என்று நாங்கள் அவனுக்குச் சொல்லித்தரவே இல்லையே!

யோசித்துப் பாருங்க. பாம்பு கடிக்கும்போது வீட்டில் டாக்டர் இருக்க மாட்டார். அப்பா, பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நடுவில் ஒரு பதிமூன்று வயசுப் பிள்ளை. விஷயம் தெரிந்தது அதற்கு மட்டும்தான், அதற்குத்தான் அங்கே குரல் கிடையாது. நாடகம் நடக்க வேண்டிய இடம் அதுதான். நான் எழுதிய நாடகமோ, அந்த இடம் வந்ததும் கோட்டுப் போட்ட ஒருத்தரை வரவழைத்து முடித்துவிட்டது.

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களிலேயே இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். நாடகம் தோல்வியில் முடியும். பிறகு மறுபடி போடுவார்கள். பார்வையாளர் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி மேடையேறி, அந்தப் பாத்திரத்துக்குப் பதில் தான் நின்று, வேறு மாதிரி பேசிப் பார்க்கலாம்.

போன வருஷம் தமிழ் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். டாக்டர் கிடையாது, எழுதின வசனமும் கிடையாது. அடம்பிடிக்கிற அப்பா, அழுகிற ஆத்தா, ஒரு பிள்ளை. அவ்வளவுதான். ஒத்திகையில் பசங்க கண்டுபிடிச்சது எனக்கே பாடம். "மந்திரிக்கிறது தப்பு" என்று ஆரம்பித்தால் அப்பா இன்னும் முறுக்கிக்கிறார். ஒரு பொண்ணு வந்து, முதலில் ஓரமாய்ப் போய் 108க்குப் போன் போட்டது. அப்புறம் "திருநீறை வாங்கி மடியில கட்டிக்கப்பா, வண்டியில போய்க்கிட்டே சாமி கும்பிடலாம்" என்றது. அப்பாவாக நடித்தவனுக்கு மறுத்துப் பேச வாய் வரலை! எம்.பி.பி.எஸ்ஸில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, நல்ல விஷயம். நடுவராகப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கடைசியில் வரிசையாக நின்று முழக்கம் சொல்லும் நாடகத்துக்கே பரிசைக் கொடுக்காதீங்க. பிள்ளைகள் வீட்டில் பேசுற பாஷையில் சண்டை போட்டால் அதற்கும் மதிப்பெண் போடுங்க. சக மருத்துவர்களே, வசனம் எழுதித் தராதீங்க. தகவல் சரியா என்று மட்டும் பார்த்துக் கொடுங்க, போதும்.

அந்தப் பையன் இப்போ பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு இருப்பதால் பத்தாவதுக்கு நாடகம் கிடையாதாம், மாலையில் சிறப்பு வகுப்பு. அவனுக்காகப் பேச நேரில் போனேன். தலைமையாசிரியர் நல்ல மனுஷர்தான், அவருக்குத் தேர்ச்சி விகிதக் கவலை. தினம் அரை மணி நேரம் விட்டால் போதும் என்றேன்.

"திருப்புதல் தேர்வு முடியட்டும் சார், பார்க்கலாம்" என்றார். ஆண்டு விழா அதற்கு முன்னாடியே வந்துடும். அடுத்த வாரம் மறுபடி போகிறேன்.