நாவும் பெயர்ச்சீட்டும்

பாரிசு நகரில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். தாம் பணிபுரியும் உணவுச்சாலையில் ஊழியர்க்கென அச்சிட்ட சுவைக்குறிப்புத் தாளொன்றை எனக்குக் காட்டி, அதன் பொருளையும் தமிழிற் சொன்னார். சார்டொனே என்னும் வெள்ளை முந்திரிகையிலிருந்து வடித்த, குமிழி பொங்கும் ஷாம்பேன் மது ஒன்றைப் பற்றிய குறிப்பு அது. பச்சை அப்பிள், எலுமிச்சந்தோல், வாட்டிய பாண், வெண்ணெய், ஈரச் சுண்ணக்கல் என அதிற் சுவைகள் நிரல்படக் கிடந்தன. உடனிருந்த நண்பர், "மதுவிலே கல்லையும் பாணையும் கண்டவர் அதனை மிகுதியாக உண்டவராதல் வேண்டும்" என்று நகைத்தார். யான் நகைத்திலேன்.

யான் மது உண்ணாதவன். கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஆண்டுதோறும் மாணாக்கர்க்குக் கற்பித்து வருபவன். இம்மது நன்றோ தீதோ என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆயினும் ஒன்றைச் சுவைத்து, அச்சுவைக்குச் சொல் தேடி, அதன் தரத்தை நிறுத்துக் காணும் தொழில் நூல் கற்பிப்போர்க்கும் உரியதன்றோ? "சுவை அவரவர் நாவைப் பொறுத்தது, மதிப்பீடு என்பதெல்லாம் வெறும் பாசாங்கு" என இலக்கியக் கூட்டங்களில் இளைஞர் சிலர் கூறக் கேட்கின்றோம். அக்கூற்றை இத்தாளைக் கொண்டே ஆராயலாம் என எண்ணினேன்.

பிரான்சின் வடகிழக்கே, ஏப்பர்னே நகருக்குத் தெற்கில், வெண்சரிவு எனப் பொருள்படும் பெயருடைய ஒரு மலைச்சாரல் உளது. கிறமான், அவீஸ், ஓஜே, லெ மெனில் முதலிய ஊர்கள் அதன்கண் அமைந்தவை. அங்கே பயிராவது பெரும்பாலும் சார்டொனே முந்திரிகையே. ஷாம்பேன் மதுவிற் பெரும்பகுதி கருமுந்திரிகைச் சாறும் கலந்து செய்யப்படுவது; சார்டொனே ஒன்றினாலே செய்ததை 'வெள்ளையில் வெள்ளை' என்னும் பொருள்பட பிளான் டி பிளான் என்பர். முதலில் நொதித்து அடங்கிய மதுவைப் போத்தலில் அடைத்து, சிறிது சீனியும் மதுவமும் சேர்த்து மூடிவிடுவர். உள்ளே நொதித்தல் மீண்டும் நிகழும். பிறக்கும் காபனீரொட்சைட்டு வெளியேற வழியின்றி மதுவிற் கரைய, போத்தலுள் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்காகும். தொழில் முடித்த மதுவம் மடிந்து அடியில் வண்டலாகப் படியும். போத்தலில் அடைத்த நாள்முதல் 15 மாதமேனும் கழியாமல் ஷாம்பேனை விற்றலாகாது என்பது அந்நாட்டு விதி. ஓராண்டின் விளைச்சலை மட்டும் கொண்டு, அவ்வாண்டைப் பெயர்ச்சீட்டிற் பொறிப்பதாயின் மூன்று ஆண்டு காத்தல் வேண்டும்.

இதனை அறிந்தபின் அத்தாளை மீண்டும் படித்துப் பாருங்கள். பச்சை அப்பிள் என்றது வீண் அலங்காரமன்று. அப்பிளின் புளிப்புக்குக் காரணமாகிய மலிக்கமிலம் முந்திரிகையிலும் உண்டு. வடிப்போர் சிலர் அவ்வமிலத்தைப் பாலிலுள்ள இலற்றிக்கமிலமாக மாறவிடுவர். அம்மாற்றத்தின்போது பிறக்கும் ஒரு பொருளே வெண்ணெய் மணம் தருவது. மடிந்த மதுவம் நெடுங்காலம் மதுவோடு கிடந்து சிதைதலால் எழுவது பாண் மணம். ஆகவே மணத்தை முகர்ந்த அளவில், இது வண்டலோடு நெடிது கிடந்தது என்று தேர்ந்தவர் உய்த்துணர்வர். நண்பர் நகைத்த சொற்களுட் பெரும்பாலன காரணமுடைய சொற்களே.

ஈரச் சுண்ணக்கல் என்ற சொல் மட்டும் என்னை உறுத்திற்று. வெண்சரிவின் அடிநிலம் சுண்ணக்கல் என்பது மெய். அந்நிலம் நீரைத் தேக்கியும் வடித்தும் கொடிக்கு உதவும். ஆனால் கல்லின் சுவை வேர்வழி ஏறிப் பழத்துள் புகும் என்பதை நிலநூல் வல்லோர் ஒப்புவதில்லை. சொன்னவர் நாவினால் உணர்ந்து சொன்னாரா, நிலத்தின் பெயரை முன்னரே அறிந்திருந்து சொன்னாரா? ஐயம் இங்கேதான் பிறக்கின்றது.

2001ஆம் ஆண்டில் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொன்று இவ்வையத்தை வலுப்படுத்தும். போர்தோ நகரில் மதுவியல் பயின்ற 54 மாணாக்கர்க்கு, மணமற்ற செந்நிறமூட்டிய வெண்மதுவைக் கொடுத்தனர். அவர்களோ செம்மதுவுக்கு உரிய சொற்களாலே அதன் மணத்தை வருணித்தனர். கண் கண்டதையே மூக்கும் முகர்ந்தது. குமிழியின் செய்தியும் இத்தகையதே. கிண்ணத்தில் நூல்போல எழும் குமிழிச்சரத்தின் செறிவைக் கண்டே மதுவின் உயர்வைப் பேசுவார் உளர். ரீம்ஸ் பல்கலைக்கழகப் பௌதிக அறிஞர் ஜெரார் லிஜே-பெலேர் ஆராய்ந்து காட்டியதோ வேறு. கிண்ணத்தின் உட்புறத்தே ஒட்டிய நுண்ணிய நார்களிலிருந்தே அக்குமிழிகள் பெரும்பாலும் புறப்படுகின்றன. அந்நார் காற்றிலிருந்து வீழ்ந்ததாகலாம், துடைத்த துணியினதாகலாம். மதுவைப் புகழ்வதாக எண்ணித் துவாயைப் புகழ்ந்தவர் எத்தனை பேரோ!

இவற்றைக் காட்டி, மதிப்பீடே பொய் என்பார் அவசரக்காரர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நாவைக் கண்ணும் பெயரும் ஆள்கின்றன என்பதே இவற்றாற் பெறப்படுவது. அங்ஙனமாயின் பெயரை மறைத்துச் சுவைக்க வேண்டும். 1976 மே 24ஆம் நாள் பாரிசிலே அதுதான் நிகழ்ந்தது. அன்று வைத்த சார்டொனே மதுக்கள் குமிழியற்றவை. பெயரை மறைத்துப் பிரெஞ்சு நடுவர்க்குக் கொடுத்தனர். முதலிடம் பெற்றது பிரான்சின் புகழ்பெற்ற மது எதுவுமன்று. அமெரிக்கக் கலிபோர்னியாவின் ஷாட்டோ மொன்டலீனா. பெயர்ச்சீட்டு வெளியே தெரிந்திருப்பின் அந்நடுவர் அவ்வாறு எழுதியிருப்பரோ?

என் அனுபவம் ஒன்றையும் மறைத்தற்கில்லை. தவணைப் பரீட்சை விடைத்தாள்களைப் பெயர் நீக்கி, எண் மட்டும் இட்டுத் திருத்திய காலம். ஒரு கையெழுத்து என் அன்புக்குரிய மாணாக்கனுடையது எனத் தோன்றிற்று. அவ்விடையின் சுருக்கம் எனக்குச் செறிவாகத் தெரிந்தது. தயங்காது புள்ளி இட்டேன். பின்னர் எண்களைப் பெயர்களோடு ஒப்புநோக்கியபோது அது வேறொருவன் தாள் என அறிந்தேன். திரும்பப் படித்தேன். அதே சுருக்கம் இப்போது சோம்பலாகக் காட்சியளித்தது! எழுத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. போர்தோ மாணாக்கரை எள்ள எனக்கு வாய் ஏது?

பெயரை மறைக்கலாம், இனத்தை மறைத்தல் தகாது. பிளான் டி பிளானின் கூரிய புளிப்பை, கருமுந்திரிகையால் ஆனதன் திண்மையோடு ஒப்பிட்டுக் குறை கூறுதல், வெண்பாவை விருத்தத்தின் ஓசை இல்லையென்று பழிப்பது போலாகும். 100 புள்ளிக்கு இத்துணை என்று எண்ணிட்டு ஒழியும் வழக்கமும் எனக்கு உடன்பாடன்று. அமெரிக்கரான இராபர்ட் பாக்கர் 1978இல் தொடங்கிய இதழின் வாயிலாக அது பரவியது. 92க்கும் 93க்கும் இடையே நாக்கு எதனைக் கண்டது என்பதை எண் சொல்லாது. வாட்டிய பாண் என்ற சொல்லையோ மறுக்கலாம், சோதிக்கலாம், பிறர்க்குக் கற்பிக்கவும் செய்யலாம்.

மாணாக்கர் விடைபெற வந்தபோது அத்தாளைத் திருப்பிக் கொடுத்தேன். பழைய பழக்கம், சுண்ணக்கல் என்னும் சொல்லின் கீழ் மட்டும் சிவப்பு மையாற் கோடிட்டிருந்தேன். பார்த்தவர் சிரித்துக்கொண்டு, "ஐயா, இதனை எங்கள் தலைமைப் பரிசாரகரிடம் காட்டலாமா?" என்றார். காட்டும்படி சொன்னேன்.