இலண்டன் நூதனசாலையும் ஒரு திமிங்கிலமும்

நூதனசாலை என்பது பழம்பொருள்களைப் பூட்டி வைக்கும் பண்டகசாலை என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அஃது அங்ஙனமன்று. எதனை முகப்பில் வைப்பது, எதனை உள்ளே ஒதுக்குவது என்று அது செய்யும் தேர்விலே ஒரு கொள்கை அடங்கியிருக்கின்றது. இலண்டன் மாநகரின் இயற்கை வரலாற்று நூதனசாலை 2017ஆம் ஆண்டிற் செய்த மாற்றமொன்று இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

தென் கென்சிங்டனில் 1881ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அம்மாளிகையை அமைத்தவர் அல்பிரட் வாட்டர்ஹவுஸ் என்னும் கட்டடக் கலைஞர். அதன் சுடுமண் சுவர்களெங்கும் விலங்கும் பறவையும் செடிகொடிகளும் உருவாக வடிக்கப்பெற்றுள்ளன. அக்காலத்தில் இயற்கைப் பகுதிக்குத் தலைவராயிருந்த றிச்சேட் ஓவன் என்னும் அறிஞர் விரும்பியவாறு, கிழக்குப் பக்கத்தில் அழிந்தொழிந்த உயிர்களும், மேற்குப் பக்கத்தில் வாழும் உயிர்களும் இடம்பெற்றன.

இவ்விரு பக்கங்களுக்கும் இடைப்பட்ட பெருமண்டபத்திலே 1979ஆம் ஆண்டு முதல் நின்றது டிப்ளோடோக்கஸ் என்னும் மாபெரும் ஊர்வனவற்றின் எலும்புக்கூடு. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உயிர் அது. ஆயினும், அங்கு நின்றது மெய்யான என்பன்று. அமெரிக்கச் செல்வர் அன்றூ கார்னகி 1905ஆம் ஆண்டில் வழங்கிய அச்சுவார்ப்பே. 2017ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதனை அகற்றினர். அவ்வாண்டு யூலை மாதத்தில், 25 மீற்றர் நீளமான நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை அங்கே தொங்கவிட்டனர். 1891ஆம் ஆண்டில் அயர்லாந்தின் வெக்ஸ்போட் துறைமுகத்தருகே கரைதட்டிய திமிங்கிலத்தின் மெய்யான எலும்புகள் அவை. அதற்கு ‘நம்பிக்கை’ என்று பொருள்படும் பெயரையும் சூட்டினர்.

இம்மாற்றத்தைப் பலர் விரும்பினாரல்லர். தலைமுறை தலைமுறையாகச் சிறுவரின் வியப்பைத் தூண்டிய உருவத்தை அகற்றுவது முறையோ என்று கேட்டனர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று, வியப்பே கல்வியின் முதற்படி. எனினும், நூதனசாலையார் செய்ததே தக்கது என்பது எமது கருத்து. டிப்ளோடோக்கஸ் அழிந்தமைக்கு மனிதன் பொறுப்பாளனல்லன். அதனைக் காண்போர்க்கு வியப்பு உண்டாகுமேயன்றிக் கடமை உண்டாகாது. திமிங்கிலத்தின் கதை வேறு. இருபதாம் நூற்றாண்டிலே தென்கடல்களில் மாத்திரம் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் வேட்டையாடப்பட்டன. அவ்வினம் அற்றுப்போகும் நிலையை எய்தியபோது, 1966ஆம் ஆண்டில் நாடுகள் கூடி அவ்வேட்டையைத் தடைசெய்தன. அதன்பின் அவ்வினம் மெல்ல மெல்லப் பெருகத் தொடங்கிற்று. அழிக்கும் கை காக்கவும் வல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இஃது எங்கோ மேனாட்டாருக்கு உரிய செய்தியென நாம் வாளாவிருத்தல் ஆகாது. திருகோணமலைக் கடலிலும் தெய்வேந்திரமுனைக்கு அப்பாலும் இன்றும் நீலத் திமிங்கிலங்கள் உலவுகின்றன. நம் தீவின் தெற்கே செல்லும் பெருங் கப்பற்பாதை அவை இரைதேடும் கடலூடாகவே அமைந்தமையால், கப்பல் மோதி அவை மடிவதுண்டு. வேட்டைக்காரனுக்குப் பகைநோக்கமாவது உண்டு. கப்பலுக்கோ அதுவும் இல்லை. கவனமின்மையே கொலைக் கருவியாகின்றது. 2022ஆம் ஆண்டில் பெரிய கப்பல் நிறுவனமொன்று தன் கலங்களைச் சற்றுத் தெற்கே விலக்கிச் செலுத்த முன்வந்தது. சில கடல்மைல் விலகுதலே ஓருயிரைக் காக்குமெனின், அதனைச் செய்யாதிருத்தற்கு என்ன நியாயம் உண்டு?

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று இலண்டனிலே குடும்பத்துடன் வாழ்கின்றனர். அந்நூதனசாலைக்குட் புகக் கட்டணம் இல்லை. அவர்கள் தம் மக்களை அங்கு அழைத்துச் சென்று, அத்திமிங்கிலத்தின் கீழ் நிறுத்தி, அதன் இனம் தம் பெற்றோர் பிறந்த நாட்டுக் கடலிலும் உயிரோடு உலவுகின்றதென்பதை எடுத்துரைத்தல் வேண்டும். கிழக்குச் சுவரில் இடம்பெற்ற உயிர்களை நம்மால் மீட்க இயலாது. மேற்குச் சுவரில் உள்ளவை அங்கேயே நிலைத்திருக்கச் செய்வது நம் தலைமுறையின் கடன்.