உறக்கத்தைப் பறிக்கும் நூல்கள்



படிப்பகங்களில் இளந்தோழர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்றுண்டு. “பொன்னியின் செல்வனை முடித்துவிட்டோம், அடுத்து எந்த வரலாற்றுப் புதினத்தைப் படிப்பது?” என்பதே அது.

1950ஆம் ஆண்டில் வார இதழில் தொடங்கிய கல்கியின் அப்பெருங்கதை, படித்தோர் நெஞ்சில் சோழ நாட்டையே குடியேற்றியது. அதன் சுவையை மறுப்பார் யார்? ஆயினும் ஒன்று கேட்கிறேன். அரியணை எவர்க்கு என்று பக்கந்தோறும் பதைத்த நம் நெஞ்சம், அந்த அரியணையைத் தாங்கிய தோள்களுக்காக ஒரு நொடியேனும் பதைத்ததுண்டா?

பதைக்க வேண்டுமெனில், ‘எரியும் பனிக்காடு’ நூலைக் கையிலெடுங்கள். தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் ‘ரெட் டீ’ என ஆங்கிலத்தில் 1969இல் அளித்ததை, இரா. முருகவேள் தமிழாக்கினார். நெல்லைச் சீமையின் கருப்பனும் வள்ளியும், வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், பசிக்கு அஞ்சி ஆனைமலை ஏறுகிறார்கள். மேஸ்திரி தந்த முன்பணமே கழுத்துச் சுருக்காகிறது. கணக்குப் பார்க்கும் நாளில் கூலி கரைந்திருக்கிறது, கடன் வளர்ந்திருக்கிறது! குளிரும் காய்ச்சலும் உடன் வந்தோரைக் கொண்டு போகின்றன. அது வெறுங்கற்பனை என்பீரோ? ஒப்பந்தத்தை மீறும் தோட்டக் கூலியைக் குற்றவாளியாக்க, சென்னை மாகாணத்தில் 1903இலேயே சட்டம் செய்து வைத்த ஆட்சியன்றோ அது!

அடுத்து, ‘குருதிப்புனல்’. 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் கருகிய கொடுமையை அடித்தளமாக்கி இந்திரா பார்த்தசாரதி எழுதியது. 1977இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. இதைப் படியுங்கள், படித்தபடியே வாதாடுங்கள்! பண்ணையாரின் கொடுமைக்கு அவரது உடற்குறையைக் காரணங்காட்டுகிறது கதை. கூலி உயர்வு கேட்ட உழவரைக் கொளுத்திய நில ஆதிக்கத்தைத் தனியொருவனின் குறையாகச் சுருக்கலாமா? சுருக்கலாகாது என்பதே என் கருத்து. எனினும் நூலை ஒதுக்கிவிட்டால் அந்த வாதத்திற்கே இடமின்றிப் போகும். அந்தத் தீயும் நினைவிலிருந்து அணைந்துபோகும்.

கண்ணீர் வரவழைக்கும் கதைகள் பல. கண்ணீர் காய்ந்த பின்னும் ‘ஏன் நடந்தது?’ என்று உறங்கவிடாமல் குடையும் கதையே வரலாற்றுப் புதினம் என்னும் பெயருக்கு உரியது.

ஆகவே தோழர்களே, இந்த நூல்களைத் தனியே படித்து மூடிவைத்துவிடாதீர்கள். படிப்பகத்தில் உரக்கப் படியுங்கள். மலையேறிய குடும்பத்துப் பெரியவர்களையும், வயலில் வாழ்நாளைக் கழித்த முதியோரையும் அழைத்து அமர்த்துங்கள். எந்த நூலிலும் ஏறாத வரலாறு அவர்கள் வாயிலிருந்து வரும். அதனைக் குறித்து வையுங்கள். அடுத்த நூல் அதுவே!