எண்ணெய்க்கு வெந்நீர் வைத்தியம்!

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டாவது விழுகிறதா? வெந்நீரில் வைத்தால்தான் இளகும். ராஜஸ்தான் பாலைவனத்திலும் இதே கதைதான் குட்டீஸ்!

பார்மர் மாவட்டத்தில் மங்களா என்ற எண்ணெய் வயல் 2004-ல் கண்டுபிடிக்கப்பட்டது. 2009-ல் உற்பத்தி தொடங்கியது. இங்குள்ள கச்சா எண்ணெயில் மெழுகு அதிகம். சூடு தணிந்தால் உறைந்துவிடும்.

பூமிக்கடியில் எண்ணெய் குளம்போல் கிடப்பதில்லை. பாறையின் நுண்துளைகளில் ஒளிந்திருக்கிறது. உள்ளே இருக்கும் அழுத்தத்தால் கொஞ்சம் தானாக மேலே வரும். மீதி? பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நம் நாடு, அதை அப்படியே விட்டுவிட முடியுமா?

அதனால், தனிக் கிணறுகள் வழியே வெந்நீரை உள்ளே செலுத்துகிறார்கள். அது எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போய் உற்பத்திக் கிணற்றில் சேர்க்கிறது. பச்சைத் தண்ணீரை விட்டால் மெழுகு உறைந்து துளைகளை அடைத்துவிடுமே!

'பாலைவனத்தில் குடிக்கவே தண்ணீர் இல்லை, எண்ணெய்க்கு வெந்நீரா?' என்கிறீர்களா? நல்ல கேள்வி. குடிக்க உதவாத நிலத்தடி உப்புநீரைத்தான் இதற்கு எடுக்கிறார்கள். எண்ணெயோடு வெளிவரும் நீரையும் சுத்தம் செய்து திரும்ப உள்ளே அனுப்புகிறார்கள்.

ஜெய்சல்மேர் மாவட்டத்து பாகேவாலாவில் எண்ணெய் இன்னும் கெட்டி. அங்கே நீராவி! கிணற்றுக்குள் நீராவியைச் செலுத்தி, மூடி, சில நாள் ஊறவிடுகிறார்கள். இளகியதும் எடுக்கிறார்கள். ஆனால், நீராவி உண்டாக்கவும் எரிபொருள் வேண்டுமே! உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தால் இந்தச் செலவு கட்டுப்படியாவது கஷ்டம்தான்.