கொடுத்தவர் அறியார், பெற்றவர் உரையார்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நாம் விறாந்தையில் அமர்ந்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரி தேநீர் கொண்டுவந்து வைத்த வேளையில், அடுத்த வளவிலே வெங்காயத் தோட்டம் செய்யும் நானா தம் மகளையும் அழைத்துக்கொண்டு படலையைத் திறந்து வந்தார். வழக்கமாகக் கையில் ஒரு பிடி வெங்காயமோ நாலு கத்தரிக்காயோ இல்லாமல் அவர் வருவதில்லை. அன்று அவர் கையில் இருந்தது ஒரு கடிதவுறை. அதைத் திறந்து, பொன்னிற நாடா ஓவியம் பொறித்த பிளாஸ்டிக் அட்டை ஒன்றை எடுத்து எம்முன் வைத்தார்.

“சேர், இது செத்துப் போய்விட்டதாம், கடைக்காரர் சொல்லுகிறார். காசு சாகுமா?” என்று கேட்டார்.

நாம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நிற்பவர். மாணவர் கேட்ட எத்தனையோ கேள்விகளுக்கு விடையளித்திருக்கின்றோம். தெரியாதவற்றிற்கு மறுநாள் சொல்வதாகக் கூறித் தப்பியுமிருக்கின்றோம். ஆயினும் இக்கேள்வி எம்மைச் சற்றே திகைக்க வைத்தது.

நடந்தது இதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடங்களிலும் அதிவிசேட சித்தி பெற்றாள். ரொறன்ரோவிலே வாழும் அவளுடைய தாய்மாமன் செய்தி கேட்டு மகிழ்ந்து, ஊருக்கு வந்த நண்பர் ஒருவர் கையில் இந்தப் பரிசு அட்டையைக் கொடுத்தனுப்பினார். கடைக்காரர் இதனைக் ‘கிஃப்ட் கார்ட்’ என்பர். பெறுமதி 100 கனேடிய டொலர். நம் காசில் 20,000 ரூபாவுக்கு மேல் வரும். பிள்ளை அதைக் கொண்டு ஒரு துவிச்சக்கர வண்டி வாங்க எண்ணினாள். அவர்களுடைய தோட்டம் பிரதான வீதியிலிருந்து வெகுதூரம் உள்ளே, மணற்பாதையில் இருப்பது. வகுப்பு முடிந்து பாலாவிச் சந்தியில் பஸ் மாறி வந்து இறங்கி, அந்த மணலிலே இருட்டில் நடந்து வீடு சேரவேண்டும். வண்டியின் பாதி விலைக்கு மாமாவின் அட்டை. மறு பாதியை வெங்காயம் கிண்டியதும் தருவதாக வாப்பா வாக்களித்தார்.

வெங்காயம் கிண்டிய போது விலை வீழ்ந்தது. அடுத்த போகத்தில் மழை பிந்தி வந்து வயலிலேயே பாதி அழுகியது. அட்டையோ அலுமாரியின் உள்தட்டிலே, தாயின் பட்டுச் சேலைக்கு அடியில் பத்திரமாக உறங்கியது. கடைசியாக, சென்ற மாதம் நானா தம் பங்கைத் திரட்டிக்கொண்டு மகளுடன் புத்தளம் சென்றார். வண்டியைத் தெரிந்து, மணியடித்துப் பார்த்து, ஆசனத்தின் உயரமும் சரிசெய்தாயிற்று. கடைக்காரர் அட்டையை இயந்திரத்தில் இட்டார், ஏற்கவில்லை. துடைத்து மீண்டும் இட்டார், ஏற்கவில்லை. பின்னே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “பிழையான கார்ட்” என்று எவரோ சொன்னது பிள்ளையின் காதில் விழுந்தது. தந்தையும் மகளும் வண்டியை விட்டுவிட்டு வெளியே வந்தனர்.

நாம் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து அட்டையின் பின்புறத்தை வாசித்தோம். நாற்பதைத் தாண்டிய எமது கண்களுக்கு அந்த எழுத்து எறும்பு ஊர்ந்த தடம்போலத் தோன்றியது. முதல் வாக்கியத்திலேயே விடயம் விளங்கிற்று: அட்டை கனடாவினுள் மட்டுமே செல்லுபடியாகும். அடுத்த வரி, 12 மாதங்கள் கழிந்தபின் மாதந்தோறும் 2 டொலர் 50 சதம் பராமரிப்புக் கட்டணமாகக் கழிக்கப்படும் என்றது. எதைப் பராமரிக்கின்றார்கள்? அட்டையைப் பராமரித்தது அந்தத் தாயின் சேலையன்றோ! விளக்கம் கேட்பதற்கு ஒரு தொலைபேசி இலக்கம் அச்சிடப்பட்டிருந்தது. கட்டணமற்ற அழைப்பாம்; ஆனால் இங்கிருந்து அழைத்தால் இணைப்புக் கிடைக்கவில்லை. பிறகு இணையத்திலே அட்டையின் இலக்கத்தைப் பதிந்து மீதியைப் பார்த்தோம்: 72 டொலர் 50 சதம்.

பிள்ளை தாளும் பென்சிலும் எடுத்துத் தானே கணக்கிட்டாள். மாமா அட்டையை வாங்கி 23 மாதங்கள் ஆகியிருந்தன. முதற் பன்னிரண்டு மாதங்களுக்குக் கட்டணமில்லை. எஞ்சிய 11 மாதங்களுக்கு, மாதம் 2.50 வீதம், 27 டொலர் 50 சதம். கணக்கு ஒரு சதமும் பிசகவில்லை. தோட்டத்தில் வெங்காயம் அழுகிய காலத்தில் அலுமாரியிலே டொலரும் அழுகியிருக்கிறது என்று நானா சொன்னார். அழைத்து வந்த காரியம் முடிந்தது என்பதுபோல எழுந்தும் நின்றார்.

“மாமாவிடம் சொன்னீர்களா?” என்று கேட்டோம்.

தந்தையும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். “எப்படிச் சொல்வது சேர்? அவர் ஆசையாக அனுப்பியது. சைக்கிள் வாங்கிவிட்டதாக உம்மா போனிலே சொல்லியும் விட்டா,” என்றாள் பிள்ளை.

வாசக நேயர்களே, இந்த இடத்திலேதான் நாம் உங்களைச் சற்று நிறுத்த விரும்புகின்றோம். சிறிய எழுத்து உலகில் எத்தனையோ பத்திரங்களில் உண்டு. காப்புறுதிப் பத்திரத்திலும் கடன் பத்திரத்திலும் அதனாலே நட்டப்பட்டவர் சும்மா இருப்பதில்லை. கிளை முகாமையாளரின் மேசைக்கு முன்னே போய் நின்று சண்டையிடுவார். பரிசு அட்டையில் மட்டும் அப்படி நடப்பதில்லை. பணம் கொடுத்தவர் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே குறை அவருக்குத் தெரியாது. பயன்படுத்துபவர் பணம் கொடுக்கவில்லை. ஆகவே கேட்க அவருக்கு வாய் வராது. தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று பழகிய மரபு நம்முடையது. அந்த நல்ல பழக்கத்தின் மேலேயே இந்த வியாபாரம் கூடாரம் அடித்திருக்கின்றது.

கணக்கியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் எமக்கு இதன் மறுபக்கத்தை விளக்கினார். கடை ஒன்று பரிசு அட்டையை விற்கும்போது அந்தப் பணம் உடனே வருமானம் ஆவதில்லை. பொருள் கொடுக்கவேண்டிய கடமையாகவே ஏட்டில் பதியப்படும். ஆனால் அட்டை வாங்கியோரில் ஒரு பகுதியினர் ஒருபோதும் வரப்போவதில்லை என்பது கடைக்குப் பழைய கணக்குகளிலிருந்து தெரியும். அவ்வாறு வராமற் போகும் தொகையை முன்கூட்டியே மதிப்பிட்டு, ஏனையோர் அட்டையைச் செலவிடச் செலவிட, அதனையும் படிப்படியாக வருமானத்தில் சேர்த்துக்கொள்ள நிதி அறிக்கையிடலின் 15 ஆம் இலக்க நியமம் இடமளிக்கின்றது. அது இலங்கையிலும் 2018 முதல் நடைமுறையில் உண்டு. களவு என்று நாம் சொல்லவில்லை, சட்டப்படியான கணக்கு. அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடை நிறுவனம் 2023 நிதியாண்டில் இவ்வாறு கண்ட வருமானம் 20 கோடி டொலருக்கு மேல். எவரும் குடிக்காத காப்பிக்கு எவரெவரோ கொடுத்த பணம் அது.

சில நாடுகள் இதைக் கண்டு வேலி போட்டிருக்கின்றன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2007 ஒக்டோபர் முதல் கடைகளின் பரிசு அட்டைகளுக்குக் காலாவதித் திகதி இடலாகாது என்று விதித்தது. நம் மாமா அதனை நம்பித்தான் வாங்கியிருப்பார். ஆனால் வங்கி வழியாக வெளியாகும் அட்டைகளுக்கு உரியது 2014 இல் வந்த மத்திய அரசின் வேறு விதி. அது முதல் 12 மாதங்களுக்கே பராமரிப்புக் கட்டணத்தைத் தடுக்கின்றது. அதன்பின் வாசல் திறந்திருக்கின்றது. அமெரிக்கச் சட்டம் 2010 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பணம் ஐந்து ஆண்டுகளாவது செல்லுபடியாக வேண்டும் என்றாலும், ஓராண்டு சும்மா கிடந்தால் மாதக் கட்டணம் அறவிட அங்கும் இடமுண்டு. அவுஸ்திரேலியா 2019 நவம்பரிலிருந்து மூன்று ஆண்டுக் குறைந்தபட்ச ஆயுளை வகுத்து, வாங்கியபின் அறவிடும் கட்டணங்களிற் பெரும்பாலானவற்றையும் தடுத்துவிட்டது. இந்திய ரிசர்வ் வங்கியின் 2021 ஆம் ஆண்டு நெறிமுறைகள் இத்தகைய அட்டைகளுக்குக் குறைந்தது ஓராண்டு ஆயுள் வேண்டும் என்பதோடு, காலாவதிக்கு முந்திய 45 நாட்களுள் உரியவரை எச்சரிக்கவேண்டும் என்றும் கூறுகின்றன. இவ்வேலிகள் யாவும் அந்தந்த நாட்டு எல்லையோடு நின்றுவிடும். கடல் கடந்து நுரைச்சோலைக்கு வந்த அட்டைக்கு எந்த வேலி காவல்?

வேலி எவ்வளவு உயரமாயினும், கடையே வீழ்ந்தால் பயனில்லை. 2013 சனவரியில் பிரித்தானியாவின் எச்.எம்.வி. இசைத்தட்டுக் கடைகள் நொடித்தபோது, நத்தார்ப் பரிசாகப் பெற்ற சீட்டுகளைக் கொண்டுபோனவர்களுக்கு முதலில் கைவிரிக்கப்பட்டது. கூக்குரல் எழுந்தபின் சில நாட்களில் ஏற்றுக்கொண்டார்கள். கூக்குரல் எழாதிருந்தால்?

பிறரைப் பற்றி மட்டும் பேசினால் நேர்மையாகாது. எமது கல்லூரிப் பரிசளிப்பு விழாவில் கேடயங்களுக்குப் பதிலாகப் பயனுள்ள பரிசு கொடுப்போம் என்று ஒருமுறை முடிவுசெய்து, அங்காடி ஒன்றின் 2,000 ரூபாப் பரிசுச் சீட்டுகளை வாங்கி மாணவர்க்கு அளித்தோம். யோசனை எம்முடையதே, அன்று கைதட்டலும் கிடைத்தது. பின்னர் ஒரு தாய் எம் வீட்டுக்காரியிடம் தற்செயலாகச் சொன்ன கதை இது. சீட்டின் ஆயுள் ஆறு மாதம் என்பதைக் கடைசி வாரத்தில் கண்டு, கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, அரைநாட் கூலியையும் இழந்து புத்தளம் போயிருக்கிறார். சாமான் 1,760 ரூபாவுக்கு வந்தது. மீதிக் காசு தரமாட்டார்களாம். சீட்டை இரண்டு முறை பயன்படுத்தவும் முடியாதாம். 240 ரூபாவை விட மனமின்றி ஒரு பிஸ்கற் பெட்டியை எடுக்க, அது 310 ரூபா; மேலே 70 ரூபா கைக்காசாகக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸுக்குக் காசு போதாமல் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கினாராம். அங்கே வலைப்பையில் தொங்கிய சின்ன வெங்காயத்தின் விலையைப் பார்த்து, தம் கணவர் அதை என்ன விலைக்கு வியாபாரியிடம் கொடுத்தார் என்பதை நினைத்துச் சிரித்ததாகவும் சொன்னார். எம் வீட்டுக்காரி இதை எம்மிடம் சொன்னபோது எமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாயும், நாம் விசாரித்திருந்தால், “மிக நல்ல பரிசு சேர்” என்றே சொல்லியிருப்பார்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முந்திய ஆண்டைவிட 69.8 சதவீதம் உயர்ந்து நின்றது. உணவு விலையோ 94.9 சதவீதம். அத்தகைய காலத்தில் பழைய சீட்டொன்று அலுமாரியில் கிடந்தால் என்ன மிஞ்சும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. காசும் அவ்வாறே தேயும் என்பீர்கள். மெய்தான். ஆனால் காசு கையிலிருந்தால் அன்றே முடுக்குக் கடையில் அரிசி வாங்கலாம்; சீட்டுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

நம் வீடுகளிலே சித்திரைப் புத்தாண்டுக்குக் கைவிசேடம் கொடுக்கின்றோம். அடுத்த வளவிலே பெருநாட் காசு கொடுக்கின்றார்கள். வெற்றிலையில் வைத்த நாணயத்தின் பின்புறத்தில் எவரும் நிபந்தனை எழுதியதில்லை. காசு கொடுப்பது நாகரிகக் குறைவு என்று நாம் எப்போது எண்ணத் தலைப்பட்டோம்? வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாகப் பணம் அனுப்பினால் அதற்கும் கட்டணம் உண்டு. மாற்று விகிதத்திலும் சிறிது போகும். ஆயினும் அது அனுப்புகின்றவர் கண்முன்னே போவது. அட்டையே கொடுத்தாக வேண்டுமென்றால், கொடுக்கும் தாய்மார் பின்புறத்தைத் தாமே வாசித்து, முடிவுத் திகதியை உறையின் மேல் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கட்டும். பெற்றவர் அந்த மாதமே செலவழித்துவிடட்டும். உள்ளூர்க் கடையில் அநீதி நேர்ந்தால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

நானாவின் அனுமதியை வருந்திப் பெற்று, அன்றிரவே நாம் ரொறன்ரோவுக்கு அழைத்தோம். அங்கே அப்போது காலை நேரம். அவர் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தார். மருமகளுக்கு ஏதும் நேர்ந்துவிட்டதோ என்று முதலில் பதறினார். அட்டை விடயத்தைச் சொன்னோம். அட்டையைத் திருப்பி அனுப்பினால் அவர் அங்கேயே தமது வீட்டுச் சாமான் வாங்கிக்கொண்டு, 72 டொலரையும் காசாக அனுப்பலாம் என்ற யோசனையையும் சொன்னோம்.

“அதை அங்கேயே கிழித்துப் போடச் சொல்லுங்கள் சேர், நான் நாளைக்கே முழுக்காசும் அனுப்புகிறேன்,” என்றார். அட்டைக்காகத் தாம் அன்று மேலதிகமாக ஆறு டொலரளவு கொடுத்ததையும் நினைவுகூர்ந்தார். பிறகு சற்று நேரம் அவர் பேசவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நாம் “ஹலோ” என்றோம்.

“சேர், அந்த வருடம் நான் ஐந்து அட்டை வாங்கினேன். இரண்டு கற்பிட்டிக்கு, ஒன்று மன்னாருக்கு, ஒன்று அக்குறணைக்கு. எல்லாரும் நன்றாக இருந்தது என்றுதான் சொன்னார்கள்.”