முகப்பில் பழைய பொங்கல் வாழ்த்து!

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறை. வெப்சைட்டைத் திறந்தால் முதலில் நிற்பது போன வருஷப் பொங்கல் வாழ்த்து. என்னென்ன செய்து தருவார்கள், யாருக்கு போன் செய்வது என்பதெல்லாம் கீழே எங்கேயோ. ஆர்டர் கொடுக்க வந்தவர் அதுவரை ஸ்க்ரோல் செய்வாரா என்ன?

தப்பு பட்டறைக்காரர் மேல் மட்டுமில்லை. வேர்ட்பிரஸ் 2003-ல் வலைப்பூ எழுதுவதற்காக வந்த மென்பொருள். கடைசியாகப் போட்டதை மேலே காட்டுவது அதன் பிறவிக் குணம். 2005-ல் வந்த 1.5 பதிப்பில்தான் ‘பேஜ்’ வசதி சேர்ந்தது. விலாசம், மெஷின் விவரம், போன் நம்பர் எல்லாம் பேஜில் போடுங்கள். செய்தியும் வாழ்த்தும் ‘போஸ்ட்’டில் இருக்கட்டும். பிறகு செட்டிங்ஸில் ‘ரீடிங்’ பகுதிக்குப் போய், முகப்புக்கு ‘ஸ்டாட்டிக் பேஜ்’ என்று தேர்வு செய்து, எந்தப் பேஜ் என்று காட்டிவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. தமிழில் ‘கணியம்’ மின்னிதழே வேர்ட்பிரஸில்தான் ஓடுகிறது.

இதைவிட முக்கியம், டொமைனும் அட்மின் பாஸ்வேர்டும் உங்கள் கையில் இருப்பது. சைட் செய்து கொடுத்த தம்பி வேலை மாறி பெங்களூரு போய்விட்டால், போன் நம்பரைக்கூட மாற்ற முடியாது. ஏற்கெனவே அப்படி ஆகிவிட்டதா? டொமைன் வாங்கியபோது கொடுத்த இ-மெயில் எது என்று முதலில் தேடிப் பிடியுங்கள்.