தவணை தூங்கும், வட்டி தூங்குமா?

அமெரிக்காவில் லட்சக்கணக்கான மாணவர்களுக்குக் கல்லூரிப் பட்டமும் கடன் பத்திரமும் ஒன்றாகவே கைக்கு வந்து சேருகின்றன. பட்டம் வாங்கியதும் வேலைக்குப் போகிறவர், ஆறு மாதம் கழிந்ததும் சர்க்கார் கடனுக்குத் தவணை கட்டத் தொடங்க வேண்டும். அதற்கு மேலும் படிக்கப் போகிறவர் கதி என்ன? வைத்தியமோ, சட்டமோ, எம்.ஏ. பட்டமோ படிக்கச் சேர்ந்தவருக்குச் சம்பாத்தியம் ஏது? அவரிடம் மாதாமாதம் தவணை கேட்டால், படிப்பை விடுவதைத் தவிர வேறு வழி இராது.

இதற்காகத்தான் அந்நாட்டுச் சட்டத்தில் 'ஒத்திவைப்பு' என்ற ஏற்பாடு இருக்கிறது. "மேல் படிப்பு முடியும் வரை பழைய கடனுக்குத் தவணை கட்ட வேண்டாம்" என்று சர்க்கார் சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான், சந்தேகமில்லை. ஆனால் இதன் முழு விவரமும் தெரியாமல் நிம்மதியாக இருந்துவிடுகிறவர்கள், படிப்பு முடியும் நாளில் திகைத்து நிற்க நேரிடுகிறது.

அமெரிக்கப் பிரஜைகளாகவோ நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றோ அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இந்தக் கடனை வாங்கலாம். இங்கிருந்து மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு அது கிடையாது. உறவினர் பிள்ளைகள் அங்கே படிக்கும் வீடுகளில் இந்த விஷயம் பேசப்படுவது இயல்பே.

பழைய வாக்குறுதி

1957 அக்டோபர் 4-ந் தேதி ருஷியா ஸ்புட்னிக்கை வானில் ஏவியது. விஞ்ஞானப் படிப்பில் பின்தங்கிவிட்டோமோ என்ற பயம் அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு, 1958 செப்டம்பர் 2-ந் தேதி, ஜனாதிபதி ஐசனோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாணவர்களுக்கு வருஷத்துக்கு 1,000 டாலர் வரை கடன். வட்டி 3 சதவீதம். ஆனால் முழு நேரமாகப் படிக்கும் காலத்திலும், படிப்பை முடித்த பிறகு ஓராண்டு வரையிலும் வட்டியே கிடையாது! நாடு படிக்கச் சொல்கிறது. ஆகவே படிக்கும் காலத்துக்கு நாடு வட்டி கேட்கவில்லை. நியாயமான பேரம்.

1965-ல் ஜனாதிபதி ஜான்சன் கொண்டுவந்த உயர் கல்விச் சட்டமும், தேவையுள்ள மாணவர் படிக்கும் வரை வட்டியைச் சர்க்காரே ஏற்கும் வழியைத் தொடர்ந்தது. 1992-ல் நிலைமை மாறியது. குடும்ப வருமானத்தைப் பாராமல் யாரும் வாங்கக்கூடிய, ஆனால் வட்டிச் சலுகை இல்லாத கடன் வந்தது. 2012 ஜூலை 1 முதல், மேல் பட்டப் படிப்புக்காக வாங்கும் புதிய கடன்களில் வட்டிச் சலுகை அடியோடு நின்றுபோயிற்று.

ஆகவே, இன்று ஒரே மாணவரின் பெயரில் இரண்டு ஜாதிக் கடன்கள் இருக்கும். முதற்பட்டத்துக்காக வட்டிச் சலுகையோடு வாங்கியது ஒன்று. சலுகை இல்லாமல் வாங்கியது மற்றொன்று. மேல் படிப்பில் சேர்ந்ததும் இரண்டுக்கும் தவணை நிற்கிறது. முதல் வகைக்கு வட்டியைச் சர்க்கார் ஏற்கிறது. இரண்டாவது வகைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

2023-24-ம் கல்வியாண்டில் முதற்பட்ட மாணவர் வாங்கிய சர்க்கார் கடனுக்கு வட்டி 5.50 சதவீதம். சலுகை இல்லாத கடன் 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் இருந்தபோதே ஏறிய வட்டியைத் தனியே விட்டுவிடலாம். மேல் படிப்புக் காலத்தில் மட்டும் ஆண்டுக்கு வட்டி 550 டாலர். சட்டப் படிப்பு மூன்று வருஷம். வட்டி 1,650 டாலர். வைத்தியப் படிப்பு நான்கு வருஷம். வட்டி 2,200 டாலர்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. ஒத்திவைப்பு முடியும் நாளில் இந்த வட்டி முழுவதும் அசலோடு சேர்க்கப்படுகிறது. 10,000 டாலர் கடன் 12,200 ஆகிவிடுகிறது. அதன்பின் வட்டி 12,200-க்கு! முன்பு ஆண்டுக்கு 550 டாலராக இருந்த வட்டி, இப்போது 671. குட்டி போட்ட வட்டி என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. தவணை நின்றிருக்கும்போதும் வட்டியை மட்டும் கட்டிவரலாம். மேற்படி கடனுக்கு மாதம் 46 டாலருக்குள்தான் வரும். ஏதோ பகுதி நேர வேலையோ, பல்கலைக்கழக உதவித் தொகையோ இருப்பவர் இதைச் செய்தால் பின்னால் சிரமம் குறையும். முடியாதவர், எந்தக் கடனுக்கு வட்டி ஓடுகிறது என்பதையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

பாதி நேரப் படிப்பிலாவது சேர்ந்திருந்தால்தான் ஒத்திவைப்பு உண்டு. கல்லூரி அனுப்பும் தகவலைக் கொண்டு அது பெரும்பாலும் தானாகவே நடந்துவிடுகிறது. ஆனாலும், தவணை வசூலிக்கும் கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது புத்திசாலித்தனம். ஆறு மாத அவகாசத்தை ஏற்கனவே செலவழித்துவிட்டவருக்கு, அந்தக் கடனுக்கு மறுபடி அவகாசம் கிடையாது. படிப்பு முடிந்ததும் தவணை வந்து நிற்கும். தனியார் பாங்கிக் கடனுக்கோ இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே பத்திரத்தில் எழுதியிருப்பதுதான் சட்டம்.

தானாக நடப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. 2007-ல் வந்த ஒரு சட்டப்படி, சர்க்காரிலோ லாப நோக்கமில்லாத ஸ்தாபனத்திலோ முழு நேர வேலை பார்த்துக்கொண்டு, 120 மாதத் தவணைகளைக் கட்டியவருக்கு மீதிக் கடன் ரத்தாகும். ஒத்திவைப்பில் கழியும் மாதங்கள் பொதுவாக அந்தக் கணக்கில் சேருவதில்லை. பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து, மாலையில் எம்.ஏ. படிக்கும் ஓர் ஆசிரியையை நினைத்துப் பாருங்கள். அவர் கேட்காமலேயே தவணை நின்றுவிடுகிறது. இரண்டு வருஷம் படித்தால், 24 மாதம் வீண்! ஒத்திவைப்பு வேண்டாம் என்று சொல்லித் தவணையைத் தொடர அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமை இருப்பது தெரிந்தால்தானே கேட்பார்?

என்ன செய்ய வேண்டும்?

கல்லூரிக்கே போகாத தொழிலாளியின் வரிப் பணத்தில், நாளைய டாக்டருக்கும் வக்கீலுக்கும் ஏன் வட்டிச் சலுகை தர வேண்டும் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் மேல் படிப்புப் படிப்பவர் எல்லோரும் டாக்டர்களும் வக்கீல்களும் அல்லர். ஆசிரியர்களும் சமூக சேவகர்களும் நூலகர்களும் அவர்களில் உண்டு. பட்டம் உயர்ந்த அளவுக்கு அவர்களுடைய சம்பளம் உயர்வதில்லை. வட்டி முழுவதையும் சர்க்கார் ஏற்க இயலாது என்றே வைத்துக்கொள்வோம். வட்டிக்கு வட்டி போடாமல் இருக்கலாமே! 2023 ஜூலை முதல் வேறு சில சந்தர்ப்பங்களில் வட்டியை அசலில் சேர்ப்பதைக் கல்வி இலாகா நிறுத்திவிட்டது. ஒத்திவைப்பு முடிவில் சேர்ப்பது சட்டத்திலேயே எழுதியிருப்பதால், அதை மாற்றக்கூடியது அமெரிக்கக் காங்கிரஸ்தான்.

2025 ஜூலை 4-ந் தேதி கையெழுத்தான சட்டம் வேறு திசையில் போயிருக்கிறது. 2026 ஜூலை 1 முதல், மேல் படிப்புக்குப் புதிதாகக் கடன் வாங்குவோருக்குப் பழைய தாராளக் கடன் இல்லை. வைத்தியம், சட்டம் போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000. மற்றப் படிப்புகளுக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1,00,000 என்று வரம்பு கட்டியாகிவிட்டது. கடன் குறைவது நல்லதே என்பார்கள். ஆனால் கட்டணம் குறையாவிட்டால் மாணவர் தனியார் பாங்கியைத் தேடித்தான் போவார்.

நாம் கேட்பது இரண்டே காரியங்கள். ஒத்திவைக்கும் முன் மாணவரின் சம்மதத்தைக் கேட்டு, "இத்தனை வருஷம் நிறுத்தினால் இத்தனை டாலர் ஏறும்" என்று ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறிய வட்டியை அசலில் சேர்ப்பதை நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் பெரிய கஜானா தேவையில்லை. படிக்கச் சொன்ன நாடு, படித்த வருஷங்களுக்கு அபராதம் விதித்தது என்ற பேச்சுக்கு இடம் வைக்கலாகாது.